பாட்டு வகுப்புச் செயலிக்கு எந்தக் குரல், காணொளித் தளத்தைத் தேர்வது?

பெருங்குடி நிரலாளர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். மயிலாப்பூரில் கர்நாடக இசை கற்பிக்கும் ஒரு பள்ளிக்காக நானும் என் கூட்டாளியும் இணையவழி வகுப்புச் செயலி ஒன்றை எழுதிக்கொண்டிருக்கிறோம். பள்ளியில் 11 ஆசிரியர்கள் இருக்கிறார்கள். மாணவர்களில் பெரும்பாலானோர் சென்னையிலும் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் பக்கத்திலும் இருப்பவர்கள்; சிலர் சிங்கப்பூரிலும் நியூ ஜெர்சியிலும் இருக்கிறார்கள். அரை மணி நேரத் தனி வகுப்புகளே அதிகம். சனிக்கிழமை காலையில் மட்டும் ஓர் ஆசிரியரும் 6 மாணவர்களும் சேரும் குழு வகுப்பு உண்டு.

அகோரா, ட்விலியோ, வோனேஜ், லைவ்கிட், சொந்த சர்வரில் ஜிட்ஸி என்று ஐந்து பெயர்களை வைத்து, எதில் என்ன வசதி, நிமிடத்துக்கு என்ன கட்டணம் என்று பெரிய அட்டவணையே போட்டுவிட்டேன். ஆனால் சென்ற வாரம் நடத்திய முதல் சோதனை வகுப்பிலேயே அட்டவணையில் இல்லாத சிக்கல் ஒன்று வந்தது. ஆசிரியை சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்துக்கொண்டு தொடங்கினார். தாம்பரத்திலிருந்து சேர்ந்த மாணவிக்கு இரண்டு மூன்று வினாடிகள் சுருதி கேட்டது. பிறகு மெல்லத் தேய்ந்து மறைந்துவிட்டது. “பெட்டியை அணைத்துவிட்டீர்களா, டீச்சர்?” என்று அவள் கேட்டாள். பெட்டி ஒலித்துக்கொண்டேதான் இருந்தது. நான் அதன் அருகில்தான் உட்கார்ந்திருந்தேன். சுருதியே போய்ச் சேராத ஒரு தளத்தில் பாட்டு சொல்லிக்கொடுக்க முடியாது. இது அந்தத் தளத்தின் குறையா, நான் ஏதாவது அமைப்பைத் தவறவிட்டேனா?

தரமணி ஒலிப்பொறியாளர் எழுதியது:

வணக்கம் நண்பரே. நீங்கள் எந்தத் தளத்தில் சோதித்திருந்தாலும் முதல் நாள் இதே அனுபவம்தான் கிடைத்திருக்கும். ஏனெனில் இந்தத் தளங்கள் எல்லாம் இருவர் பேசிக்கொள்வதற்காகவே செதுக்கப்பட்டவை. பேச்சு என்பது விட்டுவிட்டு வரும் ஒலி. மாறாமல் தொடர்ந்து வரும் ஒலி என்றால் அது மின்விசிறி, ஏசி, ஜெனரேட்டர் என்று இரைச்சல் நீக்கி முடிவுகட்டிக்கொள்கிறது. தம்புராவின் இயல்பே மாறாமல் தொடர்வதுதான். எனவே இரண்டு மூன்று வினாடிகள் அதைக் கேட்டுப் பார்த்துவிட்டு, இது விசிறிதான் என்று தீர்மானித்துக் கழித்துவிட்டது. உங்கள் மாணவி சொன்ன அந்த ‘தேய்ந்து மறைதல்’ இதற்குத் துல்லியமான அடையாளம்.

மைக்கிலிருந்து வரும் ஒலி மறுமுனைக்குப் புறப்படுவதற்கு முன் மூன்று பேர் கை வைக்கிறார்கள். இரைச்சல் நீக்கியைச் சொல்லிவிட்டேன். இரண்டாவது எக்கோ நீக்கி: ஸ்பீக்கரில் வரும் மறுமுனைக் குரல் மீண்டும் மைக்கில் ஏறிவிடாமல் தடுப்பது இதன் வேலை. இரு பக்கமும் ஒரே நேரத்தில் ஒலிக்கும்போது இது திணறி, ஒரு பக்கத்தை அமுக்கிவிடும். மூன்றாவது, ஒலி அளவைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் அமைப்பு. மந்திர ஸ்தாயியில் மெதுவாகப் பாடினால் அளவைத் தூக்கிவிடும். மேல் ஷட்ஜத்தில் நின்றால் அழுத்திவிடும். பாடியவரின் ஏற்ற இறக்கம் சமன்படுத்தப்பட்டு, உயிரில்லாமல் போய்ச் சேரும்.

ஆகவே உங்கள் அட்டவணையின் முதல் பத்தியில் கட்டணம் இருக்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. இந்த மூன்றையும் தனித்தனியாக, உலாவியிலும் ஆண்ட்ராய்டிலும் ஐபோனிலும், நிரலிலிருந்து அணைக்க முடியுமா என்பதே முதல் பத்தியாக இருக்க வேண்டும். உலாவியில் வெப்ஆர்டிசி (குரலையும் காணொளியையும் உடனுக்குடன் பரிமாறும் நுட்பம்) மைக்கைக் கேட்கும்போதே மூன்றுக்கும் தனித்தனி அமைப்புகள் உண்டு. அகோராவில் இசைக்கென்று தனி ஒலிச் சுயவிவரங்கள் இருக்கின்றன; லைவ்கிட்டிலும் இசைக்கான முன்னமைவுகள் உள்ளன. ஆனால் ஆவணத்தில் எழுதியிருப்பதை மட்டும் நம்பாதீர்கள். சில ஆண்ட்ராய்டு போன்களில் எக்கோ நீக்கம் போனின் வன்பொருளிலேயே நடக்கும். எஸ்டிகேவில், அதாவது தளம் நமக்குத் தரும் நிரல் தொகுப்பில், அணைத்தாலும் அது தன் வேலையைத் தொடரும். சுருதிப்பெட்டியை வைத்து ஐந்து நிமிடம் கேட்டுப் பார்ப்பதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

அடுத்தது ஒலிக்குறியாக்கம், அதாவது ஒலியைச் சுருக்கி அனுப்பும் முறை. வெப்ஆர்டிசி பயன்படுத்தும் ஓபஸ், 2012-இல் தரமாக்கப்பட்டது. வினாடிக்கு 6 கிலோபிட்டிலிருந்து 510 கிலோபிட் வரை வேலை செய்யும். பேச்சுக்கென ஸ்கைப்பிலிருந்து வந்த சில்க், இசைக்கு ஏற்ற செல்ட் என்று இரண்டு நுட்பங்கள் அதற்குள் இணைந்திருக்கின்றன. பேச்சுக்கு 32 கிலோபிட் போதும். பாட்டுக்கு 96 வரை கொடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். 96 கிலோபிட் ஒலியோடு பாக்கெட் (வலையில் போகும் தரவுத்துண்டு) தலைப்புகளுக்கான சுமார் 20 கிலோபிட்டையும் சேர்த்தாலும் அரை மணி நேரத்துக்கு 26 எம்பிதான் ஆகிறது. 500 கிலோபிட்டில் ஓடும் சாதாரண வீடியோ அதே அரை மணி நேரத்தில் 112 எம்பியைத் தின்றுவிடும். பாட்டு வகுப்பில் முகம் சற்று மங்கினால் யாரும் குறை சொல்லமாட்டார்கள்.

நுணுக்கமான ஒன்றையும் கவனியுங்கள். பாக்கெட்டுகள் தொலைந்தால் ஈடுசெய்ய ஓபஸுக்குள்ளேயே ஒரு காப்பு உண்டு என்று எல்லோரும் சொல்வார்கள். அந்தக் காப்பு சில்க் பகுதியைச் சார்ந்தது. செல்ட் மட்டும் ஓடும் இசை முறையில் அது கிடையாது. அங்கே ‘ரெட்’ எனப்படும் முறை, அதாவது முந்தைய ஒலித்துண்டை அடுத்த பாக்கெட்டிலும் சேர்த்து அனுப்புவது, தேவைப்படும். அதைத் தளம் ஆதரிக்கிறதா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

எக்கோ நீக்கியை அணைத்தால் இரு பக்கமும் ஹெட்போன் கட்டாயம். அதிலும் வயருள்ள ஹெட்போன். ப்ளூடூத்தில் மைக் இயங்கத் தொடங்கியதும் வழக்கமாக அது தொலைபேசி முறைக்கு மாறி, ஒலி 16 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்துக்கோ அதற்கும் கீழோ இறங்கிவிடும். அதன்பின் நீங்கள் 96 கொடுத்தாலும் 196 கொடுத்தாலும் பயனில்லை.

பெருங்குடி நிரலாளர் எழுதியது:

மிக்க நன்றி ஐயா. மூன்றையும் அணைத்துப் பார்த்தேன். சுருதி நின்று ஒலிக்கிறது. ஒரே ஓர் ஐயம். ஆசிரியையும் மாணவியும் சேர்ந்து பாட வேண்டும், தாளம் சேர்ந்து போட வேண்டும் என்று பள்ளியில் கேட்கிறார்கள். தாமதம் மிகக் குறைந்த தளத்தைத் தேர்ந்தால் இது கைகூடுமா?

தரமணி ஒலிப்பொறியாளர் எழுதியது:

கைகூடாது. அந்த வாக்கை எந்த நிறுவனம் கொடுத்தாலும் ஏற்காதீர்கள். உரையாடலுக்கு ஒருவழித் தாமதம் 150 மில்லிவினாடிக்குள் இருந்தால் நன்று என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜி.114 பரிந்துரை. சேர்ந்து பாடுவதற்கோ 25, 30 மில்லிவினாடியைத் தாண்டினாலே தாளம் இழுக்கத் தொடங்கும். மேடையில் ஒருவருக்கொருவர் 10 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் ஒலி வந்து சேர ஏறக்குறைய அவ்வளவு நேரம் ஆகும். பக்கவாத்தியக்காரர்கள் நெருங்கி உட்கார்வதை நினைத்துப் பாருங்கள். ஓபஸ் ஒலித்துண்டு ஒன்றைச் சேர்க்கவே வழக்கமாக 20 மில்லிவினாடி ஆகிறது. அதன்மேல் போன் ஒலியைச் சற்றுத் தேக்கிவைக்கும் ஒலித்தாங்கி, வலை, மறுமுனையில் பாக்கெட் வரிசைப்படுத்தும் இடையகம் எல்லாம் இருக்கின்றன. மயிலாப்பூருக்கும் தாம்பரத்துக்கும் இடையிலேயே இது எட்டாது.

மயிலை இசை ஆசிரியை எழுதியது:

வணக்கம். நான் வேறு பள்ளியில் கற்பிப்பவள். 2020-ஆம் ஆண்டின் ஊரடங்கிலிருந்து இணையத்தில் வகுப்பு எடுத்துவருகிறேன். ஆசிரியர் தரப்பிலிருந்து ஒன்று சொல்ல விரும்புகிறேன்.

சேர்ந்து பாட முடியாதது எங்களுக்குப் பெரிய இழப்பில்லை. நான் ஒரு வரி பாடுவேன், மாணவி அதைத் திருப்பிப் பாடுவாள். நம் பாடமுறையே அப்படித்தான் அமைந்திருக்கிறது. சரளி வரிசை முதல் கீர்த்தனை வரை இணையத்தில் அதற்குத் தடையில்லை. தாளத்தை மாணவி தன் கையில் போட்டுக்கொள்ள வேண்டும், நான் என் கையில் போடக்கூடாது, இது பழகிவிட்டது.

உண்மையான இழப்பு வேறிடத்தில் இருக்கிறது. மாணவி தோடியில் காந்தாரத்தைப் பிடிக்கும்போது அசைவு போதவில்லையென்றால், நேர் வகுப்பில் நான் அவளை நிறுத்தமாட்டேன். அவள் குரலுக்கு அடியில் மெதுவாக அந்தப் பிடியைப் பாடிக்காட்டுவேன். அவள் பாடிக்கொண்டே அதைக் கேட்டுத் திருத்திக்கொள்வாள். இணையத்தில் நான் வாயைத் திறந்தவுடன் அவள் குரல் எனக்கு அறுந்துபோகிறது, அல்லது என் குரல் அவளுக்குப் போய்ச் சேர்வதில்லை. அதனால் ஒவ்வொரு பிழைக்கும் கையை உயர்த்தி நிறுத்தவேண்டியிருக்கிறது. அரை மணி நேரத்தில் பதினைந்து முறை நிறுத்தினால் எந்தக் குழந்தைக்கும் பாட ஆசை இருக்காது. இரண்டு குரலும் ஒரே நேரத்தில், அறுபடாமல், சற்றுத் தாமதமாக வந்தாலும் பரவாயில்லை என்று எனக்கு ஒரு தளம் கிடைத்தால் போதும்.

அம்பத்தூர் வலையமைப்பு எழுதியது:

ஆசிரியை அம்மா சொன்னதை இந்த இழையின் முதல் தேவையாக எழுதி வைத்துக்கொள்ளுங்கள், நண்பரே. எந்த விற்பனைப் பிரதிநிதியும் கேட்காமல் சொல்லக்கூடியது அல்ல அது. நான் வலைப் பக்கத்தை மட்டும் சொல்கிறேன்.

குரலையும் காணொளியையும் வாங்கிக் கடத்துவது ஊடகச் சர்வர்; வகுப்பில் சேர்பவர்கள் அதில் கூடும் இடம் அறை. ஒவ்வொரு தளத்திடமும் “உங்கள் ஊடகச் சர்வர் எங்கே இருக்கிறது, என் அறையை அங்கேயே கட்டிவைக்க முடியுமா?” என்று கேளுங்கள். கண்ணாடி இழையில் ஒளி ஒரு மில்லிவினாடிக்குச் சுமார் 200 கிலோமீட்டர் போகும். மும்பை ஏறக்குறைய 1,300 கிலோமீட்டர் என்று வைத்தால் ஒரு வழிக்கு 6 அல்லது 7 மில்லிவினாடி. சிங்கப்பூருக்கு, 2002-இல் போடப்பட்ட சென்னை–சிங்கப்பூர் ஐ2ஐ கடலடிக் கேபிளே சுமார் 3,200 கிலோமீட்டர், அதற்கு 16. மயிலாப்பூர் ஆசிரியையின் குரல் தாம்பரத்துக்குப் போக மும்பை சர்வரைச் சுற்றினால் 13 மில்லிவினாடியும் சிங்கப்பூரைச் சுற்றினால் 32 மில்லிவினாடியும் வீணாகக் கூடும். பாதகமில்லை. ஆனால் தளம் தானாகவே அமெரிக்க சர்வருக்கு இழுத்துப்போனால் ஒரு வழிக்கே 100-ஐத் தாண்டிவிடும். போய்த் திரும்பினால் பாட்டு வகுப்பு நடக்காது. இந்தியாவில் ஆள் சேர்ந்தால் இந்தியாவில் அறை என்பது உறுதியாக இருக்க வேண்டும்.

இரண்டாவது, டர்ன் சர்வர். நம் ஊர் மொபைல் நிறுவனங்கள் ஒரே பொது ஐபி முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து கொடுப்பதால், இரண்டு போன்கள் நேரடியாகக் கைகுலுக்க முடியாத நிலை அடிக்கடி வரும். அப்போது இடைநின்று கடத்துவது டர்ன்தான். சில அலுவலக வலைகளில், நேரலை ஒலி வழக்கமாகப் போகும் யுடிபி வழியே மூடியிருக்கும். அதற்கு, பாதுகாப்பான இணையதளங்கள் பயன்படுத்தும் 443 துறையில் டிஎல்எஸ் (மறையாக்கம்) வழியாக டர்ன் கிடைக்கிறதா என்று பாருங்கள். ஜிட்ஸியைச் சொந்தமாக நிறுவுகிறவர்கள் பலர் இதைப் போடாமல் விட்டுவிட்டு, வீட்டில் வேலை செய்கிறது, அப்பாவின் அலுவலகத்தில் வேலை செய்யவில்லை என்று தேடிக்கொண்டிருப்பார்கள்.

சோதனையை அலுவலக வைஃபையில் செய்து திருப்தி அடையாதீர்கள். லினக்ஸில் மோசமான வலையைப் போலச் செய்துகாட்டும் ‘நெட்எம்’ கொண்டு 5 விழுக்காடு பாக்கெட் இழப்பும் 80 மில்லிவினாடித் தாமதமும் வைத்துக் கேளுங்கள். குரோமில் வெப்ஆர்டிசி இன்டர்னல்ஸ் பக்கத்தைத் திறந்துவைத்து, வலை சுருங்கும்போது தளம் முதலில் எதைக் குறைக்கிறது என்று பாருங்கள். வீடியோவைக் குறைத்து ஒலியைக் காக்கும் தளம்தான் உங்களுக்கு வேண்டும்.

நங்கநல்லூர் கணக்கு எழுதியது:

கட்டணத்தை இறுதியில் பார்க்கலாம் என்பதை ஏற்கிறேன். ஆனால் பார்க்கும்போது ஒழுங்காகப் பார்க்க வேண்டும். ‘நிமிடம்’ என்று அவர்கள் சொல்வது பங்கேற்பாளர் நிமிடம். அரை மணி நேரத் தனி வகுப்பு 60 நிமிடங்களாகக் கணக்காகும். 11 ஆசிரியர்கள் நாளுக்கு 6 வகுப்புகள் எடுத்தால் ஒரு நாளைக்கு 3,960 நிமிடங்கள். 26 வேலை நாட்களுக்கு 1,02,960. மாதம் 10,000 நிமிடங்கள் இலவசம் என்பது அகோராவின் அறிவிப்பு. உங்களுக்கு அது மூன்றாம் நாளிலேயே தீர்ந்துவிடும்.

குழு வகுப்பில் இன்னொரு கண்ணி உண்டு. அகோரா, ஒருவர் பெறும் எல்லா வீடியோக்களின் பிக்சல்களையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகை எந்தப் படிநிலையில் விழுகிறதோ அந்தக் கட்டணத்தைப் போடுகிறது. 9,21,600 பிக்சல் வரை ஹெச்டி. அதற்கு மேல் ஃபுல் ஹெச்டி. உங்கள் சனிக்கிழமை வகுப்பில் ஒவ்வொருவரும் மற்ற 6 பேரைப் பார்க்கிறார்கள். எல்லோரும் 640×360 அனுப்பினால் கூட்டுத்தொகை 13,82,400. திரையில் சின்னச் சின்னக் கட்டங்களாகத் தெரிந்தாலும் ஃபுல் ஹெச்டி கட்டணம். ஆசிரியை மட்டும் 640×360, மாணவர்கள் 320×180 என்று வைத்தால் ஒரு மாணவருக்கு 5,18,400தான். ஒரு வரி நிரல் மாற்றத்தில் ஒரு படிநிலையே இறங்குகிறது.

தனி வகுப்புக்கு ஊடகச் சர்வரே தேவையா என்பதையும் யோசியுங்கள். இருவர் மட்டும் என்றால் வெப்ஆர்டிசி நேருக்கு நேர் போகும். முடியாதவர்களுக்கு மட்டும் டர்ன். ஆனால் வகுப்பின் ஒலி, காணொளிப் பதிவு வேண்டும் என்றால் சர்வர் வழியாகப் போவதே வசதி.

கோட்டூர்புரம் வாசகி எழுதியது:

பதிவு என்ற சொல் வந்ததால் குறுக்கிடுகிறேன். உங்கள் மாணவர்களில் பலர் சிறுவர்கள். 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி 18 வயது நிறையாத எவரும் குழந்தை. அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் சரிபார்க்கத்தக்க ஒப்புதல் வேண்டும். குழந்தை பாடும் காணொளி எந்த நாட்டு சர்வரில், எத்தனை நாள், யார் கைக்கு எட்டும்படி இருக்கிறது என்று பெற்றோர் கேட்டால் உங்களிடம் விடை இருக்க வேண்டும். பல பெற்றோருக்கு வீட்டுப் பயிற்சிக்கு ஒலிப்பதிவு மட்டுமே போதும். முகத்தைச் சேமிக்காமலே இருந்துவிடலாம்.

சோழிங்கநல்லூர் பழைய கை எழுதியது:

அட்டவணையில் இல்லாத இன்னொரு பத்தியைச் சேர்க்கச் சொல்வேன்: இந்தத் தளம் நிறுத்தப்பட்டால் என்ன செய்வோம்? ட்விலியோ தன் காணொளிச் சேவையை ஓராண்டில் நிறுத்தப்போவதாக 2023 டிசம்பரில் அறிவித்தது. பின்னர் கெடுவை நீட்டித்து, 2024-இல் அந்த முடிவையே கைவிட்டது. இடைப்பட்ட மாதங்களில் அதன்மேல் கட்டியவர்கள் இராப்பகலாக வேறிடம் தேடியதை நான் அருகிலிருந்து பார்த்தேன். உங்கள் பட்டியலில் உள்ள வோனேஜின் காணொளிச் சேவை டோக்பாக்ஸ் என்று பிறந்தது. 2012-இல் டெலிஃபோனிகாவிடமும் 2018-இல் வோனேஜிடமும் போனது. 2022-இல் வோனேஜையே எரிக்சன் வாங்கியது. சேவை நன்றாக இருப்பது வேறு, அதை நடத்துகிறவர் யார் என்பது மாறிக்கொண்டே இருப்பது வேறு.

ஆகவே உங்கள் செயலியின் மற்ற பகுதிகள் எதுவும் அந்த எஸ்டிகேவை நேரடியாகத் தொடக்கூடாது. அறையில் சேர், வெளியேறு, மைக்கை மாற்று, யார் வந்தார், வலை மோசமானது என்று ஏழெட்டுச் செயல்களைக் கொண்ட உங்கள் சொந்த அடுக்கு ஒன்றை நடுவில் வையுங்கள். மாணவர் பட்டியலும் கால அட்டவணையும் உங்கள் தரவுத்தளத்திலேயே இருக்கட்டும். நான் ஒருமுறை இதைச் செய்யாமல் விட்டு, ஒரு நிறுவனம் தன் எஸ்டிகேவின் அடுத்த பதிப்பில் எல்லாச் செயற்பெயர்களையும் மாற்றியபோது 140 கோப்புகளைத் திருத்தினேன்.

லைவ்கிட்டும் ஜிட்ஸியும் அப்பாச்சி 2.0 உரிமத்தில் திறந்த மூலமாக இருப்பவை. நிறுவனமே போனாலும் சர்வர் நிரல் நம் கையில் இருக்கும். அதற்காக முதல் நாளிலிருந்தே சொந்த சர்வர் என்று இறங்காதீர்கள். நியூ ஜெர்சியில் மாலை ஏழு மணி என்றால் இங்கே விடிகாலை நான்கரை அல்லது ஐந்தரை. அந்த நேரத்தில் சர்வர் விழுந்தால் எழுந்து பார்க்க உங்கள் இருவரில் யார் இருக்கிறீர்கள்?

பெருங்குடி நிரலாளர் எழுதியது:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. மூன்று வாரங்கள் கழித்து எழுதுகிறேன்.

பழைய அட்டவணையை ஒதுக்கிவிட்டு, ஒரே பாடத்தை மூன்று தளங்களில் நடத்திப் பார்த்தோம்: சுருதிப்பெட்டி, தோடி வர்ணத்தின் பல்லவி, இடையில் ஆசிரியை அடிக்குரலில் திருத்துவது. மாணவியின் கையில் அவள் வீட்டிலுள்ள பழைய ஆண்ட்ராய்டு போனே இருந்தது. வைஃபையை அணைத்து மொபைல் டேட்டாவில் வைத்தோம். மூன்றிலும் சுருதி நின்றது. ஒன்றில், அணைத்த பிறகும் மாணவி பாடும்போது ஆசிரியையின் குரல் விழுங்கப்பட்டது; அதன் ஆவணத்தில் எல்லாம் சரியாகவே எழுதியிருந்தது. அதை நீக்கிவிட்டோம். மீதி இரண்டில், லைவ்கிட்டை அவர்களின் மேகச் சேவையிலேயே தொடங்குவது என்று முடிவு செய்திருக்கிறோம். பிறகு தேவைப்பட்டால் அதே நிரலோடு மும்பையில் சொந்த சர்வருக்கு மாறலாம் என்பதே இதற்குக் காரணம். நடு அடுக்கை என் கூட்டாளி எழுதிவிட்டார்; ஒன்பது செயல்கள் ஆயின. ஒலிப்பதிவு மட்டும், 30 நாட்களுக்கு, பெற்றோர் ஒப்புதலோடு.

அந்தக் கடைசிச் சோதனையில், மாணவி காந்தாரத்தில் நின்றபோது ஆசிரியை அடியில் பாடிக்காட்டினார். மாணவி நிறுத்தவில்லை, அடுத்த ஆவர்த்தனத்தில் அசைவைச் சேர்த்துக்கொண்டாள். ஆசிரியை எங்களைத் திரும்பிப் பார்த்து, “இது போதும்” என்றார்.

இன்னும் ஒரு சிக்கல் மீதி இருக்கிறது. இரைச்சல் நீக்கியை அணைத்ததால், பாடாமல் பேசும் நேரங்களில் தெருவிலிருந்து ஆட்டோ ஹாரனும் கச்சேரி சாலை பஸ்களும் முழுதாகக் கேட்கின்றன. ‘பாட்டு’, ‘பேச்சு’ என்று ஒரு பொத்தான் வைக்க நினைக்கிறோம். இணைப்பை அறுக்காமல் மாற்ற வழி உண்டா?

தரமணி ஒலிப்பொறியாளர் எழுதியது:

உண்டு. ஓடிக்கொண்டிருக்கும் தடத்தின், அதாவது மைக்கிலிருந்து வரும் ஒலியோட்டத்தின், அமைப்பை மாற்ற முயலாதீர்கள்; எல்லா உலாவிகளும் அதற்கு ஒரே மாதிரி இணங்குவதில்லை. பழைய தடத்தை நிறுத்தி, புதிய அமைப்போடு மைக்கை மீண்டும் திறந்து, வெப்ஆர்டிசியின் ‘ரீப்ளேஸ்ட்ராக்’ செயலால் அனுப்பியில் மாற்றுங்கள். இரு முனைகளும் இணைப்பு விவரங்களை மீண்டும் பேசி முடிவுசெய்யத் தேவைப்படாது, இணைப்பும் அறுபடாது. மைக் மூடித் திறக்கும் அந்த நொடியில் சிறு இடைவெளி விழும் என்பதால் மாற்றத்தைத் தானியங்கியாக்க வேண்டாம். பல்லவி முடிந்து பேசத் தொடங்கும்போது ஆசிரியை தம் கையாலேயே அழுத்தட்டும். பொத்தானைப் பெரிதாக வையுங்கள். அவர் தாளம் போடும் கையால்தான் அதைத் தொடப்போகிறார்.